சித்தப்பாவின் கொம்பனிச் சம்பளத்தில் மனைவியைக் கூப்பிட முதல்

ஊரில் கலியாணம் முடித்துவிட்டு, மனைவியையோ கணவரையோ பிரித்தானியாவுக்குக் கூப்பிட இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு வருடத்துக்கு 29,000 பவுண்ஸ் சம்பளம் காட்டவேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சம்பளத்தைத் தருகிற கொம்பனி யாருடையது என்றும் ஹோம் ஒஃபிஸ் (விசா கொடுக்கிற உள்துறை அமைச்சு) பார்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. என் நண்பன் ஒருவனுக்குத் தெரியவில்லை. காசு வாங்கிக்கொண்டு அவனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொதுவான விஷயங்களை முதலில் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலையிலிருந்து 18,600 பவுண்ஸாக இருந்த வருட வருமான எல்லை 2024 ஏப்ரல் 11இல் 29,000 ஆனது. 38,700 வரை ஏற்றப்போவதாக அன்றைய அரசாங்கம் சொல்லியிருந்தது. அதே வருடம் வந்த புதிய அரசாங்கம் அதை நிறுத்திவைத்தது. 29,000 என்பது வரி கழிக்க முதல் உள்ள தொகை. பிள்ளைகளுக்கென்று முன்பு கூட்டிக் கேட்ட தொகை புதிய விதியில் இல்லை. 2025 ஏப்ரலில் ஆகக்குறைந்த மணிச்சம்பளம் 12.21 பவுண்ஸ் ஆனது. அந்தச் சம்பளத்துக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வருடம் முழுக்க நின்றாலும் 25,400க்குக் கிட்டத்தான் வரும். கடையில் நிற்கிற ஒரு பெடியன் அந்த 2025 சம்பளத்தில் 29,000ஐத் தொட வேண்டுமென்றால் கிழமைக்கு 46 மணித்தியாலம் அளவில் நிற்க வேண்டியிருந்தது. இது எவ்வளவு பெரிய கொடுமை என்று சட்டம் போட்டவர்களுக்கு விளங்கியிருக்குமோ தெரியாது.

அகதி அந்தஸ்து உள்ளவர்கள், நாட்டைவிட்டு வெளிக்கிட முதலே கட்டிய துணையை இந்தப் பணக்கணக்கு இல்லாமல் கூப்பிட ஒரு வழி இருந்தது. 2025 செப்டம்பர் 4இலிருந்து அதற்குப் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். பி.ஐ.பி. (இயலாமைக் கொடுப்பனவு), கெயரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பாளர் கொடுப்பனவு) போன்ற அரச உதவி எடுப்பவர்களுக்கு மட்டும் 29,000 கணக்கு இல்லை. அவர்களுக்கு வேறு அளவுகோல் இருக்கிறது.

ஊரில் இருப்பவர் செய்யவேண்டியது: பதிவுத் திருமணச் சான்றிதழ் (கோயிலில் தாலி கட்டிய படங்கள் மட்டும் காணாது), தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு, ஏ1 என்ற ஆரம்ப நிலை ஆங்கிலப் பரீட்சை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை. அந்தப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு முந்தி எடுக்கவேண்டாம். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்ஸ் ஆனது. அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 படி மூன்று வருடத்துக்கு 3,105. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும். விண்ணப்பக் கட்டணம் வராது.

வேலைக்காரரின் சாதாரண வழி இதுதான். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை, ஆறு மாதப் பேஸ்லிப், அதே ஆறு மாதத்துக்குப் பாங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் வருடக் கணக்குப் பார்ப்பார்கள். மணிச் சம்பளக்காரருக்குச் சராசரி எடுப்பார்கள். கடைசிப் பத்திரத்தின் திகதி விண்ணப்பத்துக்கு முந்திய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும்.

சம்பளத்தைக் கையில் காசாக வாங்குபவர்கள் கவனியுங்கள். வரி கட்டியிருந்தாலும் பேஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை அப்படியே பாங்கில் விழுந்திருக்க வேண்டும். வாடகைக்கும் சாமானுக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டால், போட்ட தொகையை மட்டும்தான் வருமானமாக எடுப்பார்கள். முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். சீட்டுக் காசைச் சேமிப்பாகக் காட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேமிப்பு மட்டும் வைத்துக் காட்டுவதென்றால் 88,500 பவுண்ஸ் வேண்டும், அது ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும், கடன் வாங்கியதாக இருக்கக்கூடாது. முந்தி எடுத்த சீட்டு, மிச்சத் தவணை கட்டி முடியும்வரை கடன்தான். அதைச் சேமிப்பென்று எழுதாதீர்கள்.

இனி நண்பனின் அலுவலுக்கு வருகிறேன்.

இங்கே எங்கள் ஆட்கள் கட்டியெழுப்பிய கடைகளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பெருமைதான். லண்டனில் ஈஸ்ட்ஹாமில் இருந்து ஹரோ வரை எத்தனை பலசரக்குக் கடை, எத்தனை பெற்றோல் நிலையம்! வந்திறங்கிய பெடியனுக்கு முதல் வேலை பெரும்பாலும் சொந்தக்காரரின் கடையில்தான். நண்பனுக்கும் அப்படித்தான். அவனுடைய சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, இரண்டு கடையும் ஒரு பெற்றோல் நிலையமும் ஒரே லிமிடட் கொம்பனியில் நடத்துகிறார். பங்கு முழுவதும் அவருடையதும் சித்தியுடையதும். மற்றக் கடைகளில் காசைக் கையில் கொடுத்து முடிக்கிற காலத்திலும் அவர் வரி கழித்து, பேஸ்லிப் கொடுத்து, பாங்கில் போடுகிற நேர்மையான மனிதர். பெறாமகனுக்குக் கலியாணம் சரிவந்ததும், “பெட்டையைக் கூப்பிட வேணும்” என்று பொறுப்பும் கூட்டிச் சம்பளத்தையும் 30,000 ஆக்கினார். ஆறு மாதம் போனது. பேஸ்லிப், ஸ்டேட்மென்ட், கடிதம், ஒன்றும் குறையில்லை.

நிராகரித்தார்கள்.

காரணம், குடிவரவு விதிகளின் பின்னிணைப்பான அப்பெண்டிக்ஸ் எஃப்.எம்.-எஸ்.ஈ.யில் 9ஆம் பந்தி. நீங்கள் ஒரு லிமிடட் கொம்பனியில் பணிப்பாளராகவோ சாதாரண வேலைக்காரராகவோ இருந்து, அந்தக் கொம்பனியின் பங்குகள் உங்களிடமோ உங்கள் துணையிடமோ இரண்டுபேரின் நெருங்கிய சொந்தத்திடமோ இருந்து, மிச்சப் பங்குகளை வைத்திருக்கிற வெளியாட்கள் ஐந்து பேருக்குக் குறைவாகவும் இருந்தால், ஆறு மாதப் பேஸ்லிப் வழி உங்களுக்குக் கிடையாது. சொந்தம் என்று அவர்கள் எண்ணுவது தாய் தகப்பன், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி அக்கா தங்கை, சித்தப்பா பெரியப்பா மாமா, சித்தி பெரியம்மா மாமி, பெறாமக்கள் மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரங்கள், மச்சான் மச்சாள்மார். எங்கள் கலியாண வீட்டில் முன்வரிசையில் இருக்கிற முழுப்பேரும் இதற்குள் அடக்கம். மனைவியின் பக்கமும் எண்ணப்படும் என்பதால், மாமனாரின் கொம்பனியில் நிற்கிற மருமகனும் தப்பமாட்டார்.

உங்கள் பெயரில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம். கல்லாவில் நின்று காசு வாங்குவது மட்டும் உங்கள் வேலையாக இருக்கலாம். அதெல்லாம் கணக்கில்லை. கொம்பனியை உங்கள் சொந்தத் தொழில் மாதிரி நடத்தி, கடைசியாக முடிந்த முழு நிதியாண்டின் வருமானத்தை, அல்லது கடைசி இரண்டு ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பார்கள். நண்பனுக்குச் சம்பளம் கூட்டியது அந்த ஆண்டு முடிந்த பிறகு. முடிந்த ஆண்டில் அவன் எடுத்தது 29,000க்கு எவ்வளவோ குறைவு. ஆகவே என்ன பத்திரம் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் அவனால் வென்றிருக்க முடியாது. குறைகிற தொகையைச் சேமிப்பால் நிரப்பவும் இந்த வழியில் இடமில்லை.

அதிகாரிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நண்பன் இருந்தது சித்தப்பாவின் வீட்டு அறையில். மனைவி வந்தால் தங்க இடம் உண்டு என்று வீட்டுக்காரர் கடிதம் கொடுக்க வேண்டுமல்லவா? சித்தப்பா உள்ளதை உள்ளபடி, இவர் என் அண்ணனின் மகன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வேலைக் கடிதத்திலும் அதே கையெழுத்து. இரண்டு கடிதமும் ஒரே விண்ணப்பத்தில். மிச்சத்தை, கொம்பனிகளைப் பதிகிற அரச அலுவலகமான கொம்பனீஸ் ஹவுஸின் பதிவேடு சொல்லியிருக்கும். ஒளிக்க ஒன்றும் இல்லாத குடும்பம் அது. இந்த ஒரு விதியைச் சொல்லவேண்டியவர் சொல்லாததால் ஒரு பிள்ளை தலைப்பொங்கலுக்கும் தலைத்தீபாவளிக்கும் பருத்தித்துறையில் தாய்வீட்டில் தனிய இருந்தாள்.

சித்தப்பாவின் கொம்பனியிலிருந்தே கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். ஆனால் கேட்கிற பத்திரங்களைப் பாருங்கள். கொம்பனி வரிப்பத்திரமான சி.ரி. 600, அதை வரித் திணைக்களமான ஹெச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பிய சான்று, கொம்பனிக் கணக்கறிக்கை, கொம்பனீஸ் ஹவுஸ் பதிவு, கொம்பனியின் 12 மாதப் பாங்க் ஸ்டேட்மென்ட், அதே 12 மாதத்துக்கு உங்கள் பேஸ்லிப்பும் பி60 என்ற வருடச் சம்பள, வரிச் சான்றும், உங்கள் சொந்தப் பாங்க் ஸ்டேட்மென்ட். உங்கள் வருமானமாக எடுப்பது நீங்கள் எடுத்த சம்பளத்தையும் டிவிடெண்ட் (பங்கிலாபம்) இருந்தால் அதையும்தான். கடையின் லாபம் எவ்வளவு பெரிதென்றாலும் அது உங்களுடையதாகாது.

இதில் வரிச்சட்டத்தைவிடக் கஷ்டமானது குடும்பத்துக்குள் கேட்கிற கேள்வி. பெறாமகன் போய், “சித்தப்பா, உங்கடை கொம்பனிப் பாங்க் கணக்கைத் தாருங்கோ” என்று எப்படிக் கேட்பது? எங்கள் வீடுகளில் அண்ணன் தம்பிக்கே கடைக்கணக்குக் காட்டமாட்டார்கள். கேட்டால் மனஸ்தாபம், கேட்காவிட்டால் விசா இல்லை. சித்தப்பா தர மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் முடியவேண்டும், கணக்கர் கணக்கை முடித்து வரிப்பத்திரம் அனுப்பவேண்டும். அதற்கிடையில் சித்தியின் முகம் மாறிவிட்டது. நண்பன் தானாகவே விலகி ஒரு வெயர்ஹவுஸில் இரவு வேலைக்குப் போனான். மணிச் சம்பளம், ஓவர்டைமும் சேர்த்து ஆறு மாதச் சராசரி எல்லையைத் தாண்டியது. புதிதாக விண்ணப்பித்தார்கள், கிடைத்தது. நிராகரிப்புக்கு எதிராக 28 நாளுக்குள் மேன்முறையீடு செய்யும் உரிமை இருந்தது, ஆனால் வழக்குக்குத் திகதி வரும்வரை காத்திருக்கிற காலத்தில் புது வேலையில் ஆறு மாதத்தை முடித்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டது சரி என்பதுதான் என் எண்ணம்.

ஆகவே பெண் பார்க்கத் தொடங்கும்போதே கொம்பனீஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் உங்கள் கொம்பனியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இலவசம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பணிப்பாளர் யார், பங்கு யாரிடம், நிதியாண்டு எப்போது முடிகிறது, எல்லாம் இருக்கும். பணிப்பாளர் வெளியாள் என்றாலும் பங்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள், அங்கே மாமியின் பெயர் இருக்கலாம். கடையைக் கொம்பனியாகப் பதியாமல் மாமா தனிப்பெயரில் நடத்துகிறார் என்றால் இந்த விதி பிடிக்காது. சாதாரண ஆறு மாத வழி உங்களுக்குத் திறந்திருக்கும். பங்கைக் கூட்டாளியின் பெயருக்கு மாற்றிவிட்டுத் திரும்ப எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்களிடம் போகவே போகாதீர்கள். ஏமாற்று என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு போடுகிற விண்ணப்பங்களும் அடிபடும். குடும்பத்தோடு வடிவாகக் கதைத்து, வெளியே ஆறு மாத வேலையா, கொம்பனியில் முழு வருடமா என்று முதலே முடிவெடுத்தால் சித்தப்பாவுக்கும் மனவருத்தம் வராது.

துணையின் ஊர்ச் சம்பளத்தை முதல் விண்ணப்பத்தில் எடுக்கமாட்டார்கள். அவர் ஆசிரியராக இருந்தாலும் பாங்கில் இருந்தாலும் அப்படித்தான். அவருடைய சேமிப்பை எடுப்பார்கள். முதல் விசா 33 மாதம். அது முடிய முதல் நீடிப்புக்குப் போடும்போது இதே எல்லை திரும்ப வரும். அந்த நேரம் அவர் இங்கே உழைத்ததையும் உங்களுடையதோடு கூட்டலாம், இரண்டு சம்பளமும் சேர்ந்தால் பாரம் பாதியாகும். வந்த பிள்ளைக்குச் சித்தப்பா தன் கடையிலேயே வேலை போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்லிச் செய்யுங்கள், ஆனால் அந்தச் சம்பளமும் 9ஆம் பந்திக்குள்தான் விழும் என்பதை வைத்து நீடிப்புக்கு ஒரு வருடம் முதலே பத்திரங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.