இட்டேரி முள் கிழித்த கார்: கிளியரைத் தின்னாமல் கீறலை எடுக்கும் முறை

இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருங்கி நிற்கும் இட்டேரியில் எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் போதும், ஒதுங்குகிற பக்கத்து ஃபெண்டரும் கதவுகளும் முள்ளில் உரசியே தீரும். காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளைக்குப் போய்வரும் கார்களில் இந்த நீளக் கோடுகள் இல்லாத வண்டி அபூர்வம். பட்டறையில் காட்டினால் “மூணு பேனலும் பெயின்ட் அடிச்சிரலாம்” என்பார்கள். நாற்பது கோடு இருந்தால் அதில் நிறத்தைத் தொட்டது பெரும்பாலும் மூன்றோ நான்கோதான். மற்றதை வீட்டு நிழலிலேயே எடுத்துவிடலாம்.

கம்பெனி பெயின்டின் மொத்தக் கனம் ஏறக்குறைய 100 முதல் 140 மைக்ரான், அதாவது ஒன்றரை இரண்டு தலைமுடி அளவு. தகட்டை ஒட்டி துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். அந்தக் கிளியர் 35 முதல் 50 மைக்ரான் வரும். பாலிஷ் என்று நாம் சொல்வதெல்லாம் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் கிளியரைத் தேய்த்து இறக்குவதுதான். கீறல் நிரம்புவதில்லை, சுற்றுப்புறம் தாழ்கிறது. தேய்த்த கிளியர் திரும்ப வராது. வெயிலைத் தடுக்கும் சரக்கும் அதில்தான் இருக்கிறது. அதனால் மொத்தத்தில் பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மீறினால் இரண்டு மூன்று கோடையில் பானெட்டும் கூரையும் வெளுத்துச் செதிலாக உரியும்.

முதலில் கழுவ வேண்டும், அதையும் ஒழுங்காக. புழுதியோடு துணி போட்டால் புதுக் கீறல் விழும். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். போர் தண்ணீரில், அதாவது சப்பைத் தண்ணீரில் கழுவினால் காயவிடக் கூடாது. உப்பு வட்டம் வட்டமாகப் படிந்து, வெயிலில் கிளியரையே அரிக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் போதும். ஏற்கெனவே வட்டம் படிந்திருந்தால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, உடனே கழுவுங்கள். கையால் தடவும்போது சொரசொரப்பு இருந்தால் ஷாம்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான க்ளே பார் ஓட்டுங்கள். கீழே விழுந்த க்ளேயை எடுத்துத் திரும்ப ஓட்டாதீர்கள்.

இனி ஆழம் பார்ப்பது. கீறலில் தண்ணீர் தெளித்ததும் கோடு மறைந்தால் அது கிளியரோடு நின்ற கீறல், காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையிலேயே போகும். தண்ணீரிலும் கோடு தெரிகிறது, நகத்தைக் குறுக்கே இழுத்தால் இலேசாகத் தட்டுகிறது என்றால், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் தேவைப்படலாம். நகம் மாட்டி நிற்கிறது, உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது என்றால் பிரைமர் வரை போய்விட்டது, அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. பளபளவெனத் தகடு தெரிந்தால் மழைக்கு முன் மூடியாக வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துரு பயம் கிடையாது, அவசரமும் கிடையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பழைய வண்டியிலும், பட்டறையில் சிக்கனமாக அடித்த பேனலிலும் கிளியரே இருக்காது. மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டி நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு. கிளியர் உள்ள வண்டியில் வேலை நடுவே தேய்க்கிற பேடில் நிறம் ஏறினால் கிளியர் தீர்ந்தது என்று பொருள். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

காம்பவுண்ட் போடும் நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்குள், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் நின்ற பானெட்டில் போட்டால் சரக்கு உடனே காய்ந்து, பொடியாகி, அந்தப் பொடியே கோடு போடும். மாஸ்கிங் டேப்பைக் கதவு விளிம்பு, பேனல் மடிப்புக் கோடு, ரப்பர் பீடிங், நம்பர் பிளேட் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்து இருக்கும். பாலிஷ் மெஷினால் எரித்துவிட்டேன் என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த மடிப்பில்தான் எரிந்திருக்கும்.

மெஷினில் இரண்டு வகை. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், சூடும் ஏற்றும். சுற்றிக்கொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெதுவானது, ஆனால் பழகாத கைக்கு அதுதான் சரி. முழுப் பக்கத்துக்கும் இறங்குவதற்கு முன் ஒரு சாண் இடத்தில் மென்மையான ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் வைத்துப் பாருங்கள். கோடு போகாவிட்டால் மட்டும் கட்டிங் காம்பவுண்ட், அதுவும் போதாவிட்டால்தான் கம்பளிப் பேட். நேரே கம்பளியில் தொடங்குவது ஈயை உலக்கையால் அடிக்கிற கதை.

இரண்டடிக்கு இரண்டடி கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு போதும். மெஷினை நிறுத்திய நிலையில் பேனலில் ஒற்றிப் பரப்பிவிட்டு, பேட் தட்டையாகப் பதிந்தபின் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சரக்கு சுவரெல்லாம் தெறிக்கும். வேகம் ரோட்டரி என்றால் நிமிடத்துக்கு 1000 முதல் 1200 சுற்று, டூயல் ஆக்‌ஷன் என்றால் ஆறில் நான்கு அல்லது ஐந்தாம் எண். கையை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, முந்தைய தடத்தில் பாதியை மூடிக்கொண்டு, முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, மொத்தம் நான்கு முதல் ஆறு சுற்று. அழுத்தம் மெஷினின் எடையோடு கொஞ்சம் கை, அவ்வளவே. அவ்வப்போது புறங்கையால் தகட்டைத் தொடுங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். பம்பரில் இன்னும் முன்னமே நிறுத்த வேண்டும், பிளாஸ்டிக் சூட்டை வெளியே கடத்தாது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுத்தான் பலனைப் பார்க்க வேண்டும். மலிவான காம்பவுண்டிலும் பாலிஷிலும் எண்ணெயும் மெழுகும் இருக்கும். அவை கீறலில் அடைந்து கோடு போய்விட்டதாகக் காட்டும், நான்கு கழுவலில் அத்தனையும் திரும்பி வரும். சாயங்காலம் டெலிவரி, அடுத்த மாதம் சண்டை என்கிற பாலிஷ் எல்லாம் இந்த வகைதான். எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெயிலில் வானவில் போல ஆடும் மெல்லிய சுழல் தெரிந்தால் அது ரோட்டரியின் தடம். மென்மையான பேடும் ஃபைன் பாலிஷுமாக ஒரு முறை ஓட்டினால் மறையும்.

காம்பவுண்டில் போகாத, ஆனால் நிறத்தைத் தொடாத கோட்டுக்குத்தான் வாட்டர் பேப்பர். எண் 2000 தாளை ஷாம்பு விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ரப்பர் பிளாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடம் மட்டும் பள்ளமாகும். கோட்டுக்குக் குறுக்கே பத்துப் பதினைந்து இழுப்பு, துடைப்பு, பார்வை. கோடு பாதி மங்கியதும் 3000 தாளுக்கு மாறி, பழைய தடம் மறையும்வரை எதிர்த் திசையில் இழுத்துவிட்டுக் காம்பவுண்ட். கோடு முழுக்கப் போயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஓரம் உருண்டுவிட்டாலே வெளிச்சம் அதில் சிதறாது, ஐந்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாது.

பிரைமர் தெரியும் அந்த மூன்று நான்கு கோட்டுக்கு டச்சப், அதாவது கீறலுக்குள் மட்டும் பெயின்ட் தொட்டு வைப்பது. நிறத்தின் குறியீட்டு எண் பானெட்டுக்குள்ளோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். வண்டி ஐந்தாறு வருடம் வெயில் குடித்திருந்தால் எண் மட்டும் போதாது. டேங்க் மூடியைக் கழற்றிப் பெயின்ட் கடைக்கு எடுத்துப் போய் அதோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கீறலுக்குள் மெழுகு இல்லாமல் ஆல்கஹாலால் துடைத்து, மிக மெல்லிய பிரஷ்ஷிலோ தீக்குச்சி நுனியிலோ எடுத்துக் கோட்டுக்குள் மட்டும் விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, காயக் காயச் சுருங்கிப் பள்ளமாகும். அரை மணி இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, கடைசியில் கிளியர். சுற்றுமட்டத்துக்குச் சற்றே மேடாக நிற்க வேண்டும். ஒரு வாரம் காய்ந்தபின் அழிரப்பர் அகலத்துக்குத் துண்டாக்கிய 2000 தாளால் மேட்டை மட்டும் இறக்கி, கையாலேயே காம்பவுண்ட் போடலாம். வெள்ளையிலும் கறுப்பிலும் இது நன்றாகச் சேரும். சில்வரில் சேராது. ஸ்பிரேயில் படியும் அலுமினியச் செதில்கள் போல பிரஷ்ஷில் படுக்காததால், ஒரு பக்கம் பார்த்தால் கருமையாகத் தெரியும்.

தகடு தெரிந்தால் துருவை 320 தாளால் சுரண்டி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் விட்டபின் நிறம். நசுங்கலும் சேர்ந்திருந்தால், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி. நூறு கிராம் பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் இரண்டு கிராம், சித்திரை வெயிலில் ஒன்றரை. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகக் கலந்தால் பின்னால் வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் கறை ஊறி வரும். கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும் கூடாது, அது பஞ்சு போல ஈரம் குடிக்கும். அப்படித் தேய்த்து அடித்த பேனல்தான் ஆறு மாதத்தில் கொப்புளம் விடுகிறது. பட்டறையில் விட்டாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு விடுங்கள்.

முழுப் பேனல் ஸ்பிரே வீட்டு வேலை அல்ல. ஹார்டனர் கலந்த கிளியரில் வரும் ஐசோசயனேட் என்கிற நச்சுப் புகையைத் துணி முகமூடி தடுக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை பக்கம் திறந்தவெளியில் அடித்தால் மண் ஒட்டாத பேனல் கிடைக்காது. இன்சூரன்ஸில் போடுவதற்கு முன்பும் ஒரு கணக்கு: முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் போய்விடும். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாயும் கையிலிருந்துதான். ஒற்றைக் கதவுக்குப் பல நேரம் கட்டாது.

வேலை முடிந்த வண்டியைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். துணி மெத்தென்றுதான் இருக்கும், அதில் ஓவர்லாக் தையலும் லேபிளும் கோடு போடும். மைக்ரோஃபைபர் துணியிலும் ஓரத் தையல் உள்ளதைத் தவிருங்கள். காம்பவுண்ட் மட்டும் போட்ட இடத்துக்கு அன்றைக்கே வாக்ஸ் போடலாம். டச்சப் செய்த கோட்டுக்கும் புதிதாக அடித்த பேனலுக்கும் ஒரு மாதம் போகட்டும், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.