லினக்ஸ் போடும்போது டிரைவ் தெரியவில்லையா?

லினக்ஸ் இன்ஸ்டாலரில் லேப்டாப்பின் டிரைவே வரவில்லையென்றால், நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ ரிப்பேருக்காகப் பஸ் ஏறும் முன் பயாஸை, அதாவது லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரையை, திறந்து பாருங்கள். சாட்டா மோடில் (டிரைவ் இணைப்பு முறை) ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்றிருந்தால் ஏஹெச்சிஐ என மாற்றுங்கள். புதிய இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்றிருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள்.

ரெய்டு, ஆர்எஸ்டி, விஎம்டி மோடுகளில் டிரைவ் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பல இன்ஸ்டாலர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

விண்டோஸும் வேண்டுமா? அவசரப்படாதீர்கள். விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்து, விண்டோஸின் அடுத்த பூட் சேஃப் மோடில் (குறைந்தபட்ச டிரைவர்களோடு திறக்கும் முறை) வரும்படி செய்துவிட்டு பயாஸில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீலத்திரைதான்.

பயாஸிலேயே டிரைவின் பெயர் இல்லையென்றால் இது பலிக்காது. கனெக்டர் கழன்றிருக்கலாம், குளச்சல் மாதிரிக் கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று அரித்திருக்கவும் கூடும். அப்போது பஸ் ஏற வேண்டியதுதான்.