ராத்திரி பத்துப் பக்கம், காலையில் ஐந்து கிலோமீட்டர்

எனக்கு 52 வயது. திருவண்ணாமலையில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. "நோய் இன்னும் உள்ளே வரலை, வாசல்ல நிக்குதும்மா" என்றார் மருத்துவர். நடக்கச் சொன்னார். நடந்தேன், இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் மகன், நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கி அனுப்பினான். அதைப் படித்துவிட்டுப் படுத்த நாட்களில், அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துகொண்டேன். என்னை ரோட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் படிப்புதான். மூன்று வாரம் வீட்டில் உட்கார வைத்ததும் அதே படிப்புதான். அதனால், ஓட்டத்தைப் பற்றி எப்படிப் படித்தால் நம் சாப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் உதவும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவைத்த பிறகு பத்துப் பக்கம் படியுங்கள், போதும். இந்த விஷயத்தில் நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எனக்கும் வேகமாகப் படிக்க வராது, போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும். இடது பக்கத்தில் அன்றைக்குப் படித்ததில் மனதில் நின்றது ஒரு வரி. வலது பக்கத்தில் நாளைக்கு நான் செய்யப்போகிற ஒரே ஒரு காரியம். அது சமையலறையிலோ ரோட்டிலோ செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

படிக்கும்போது பந்தய நாளைப் பற்றிய பக்கங்களை ஆசை தீரப் படியுங்கள். ஆனால் நோட்டில் எழுத அங்கே எடுக்காதீர்கள். 160 கிலோமீட்டர் ஓடுகிறவர் அன்றைக்குச் சாப்பிடுவதும் குடிப்பதும் அந்த ஒரு நாளுக்கானவை. நமக்கு வேண்டியது அவருடைய சாதாரண செவ்வாய்க்கிழமை. எத்தனை மணிக்கு எழுந்தார், காலையில் என்ன சாப்பிட்டார், எந்த நாள் ஓடாமல் இருந்தார் என்பதைத் தேடுங்கள்.

கென்யாவின் எலியுட் கிப்சோகேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் பெர்லினில் 42 கிலோமீட்டர் சொச்சத்தை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடியவர். எனக்கு அந்த நேரத்தைவிட, கப்டகட் என்ற ஊரில் இருந்த அவருடைய பயிற்சி முகாம் பெரிதாகத் தெரிந்தது. கூட்டிப் பெருக்குவது, கழிப்பறை கழுவுவது எல்லாவற்றையும் ஓட்டக்காரர்களே முறை வைத்துச் செய்தார்கள். அவர் தன் பயிற்சியைக் கையால் நோட்டில் எழுதி வைத்துவந்தார். கடினமான பயிற்சி இல்லாத நாட்களில் நிதானமாகத்தான் ஓடினார். இந்த நிதானம்தான் என் நோட்டில் முதலில் ஏறியது. அதுவரை தினமும் மூச்சிரைக்க ஓடி, மறுநாள் எழ முடியாமல் கிடந்தேன். இப்போது எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஓடிக்கொண்டே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல வர வேண்டும். முடியவில்லை என்றால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். மூச்சு சீரானதும் மறுபடி ஓட்டம்.

வயதானவர்கள் ஆஸ்திரேலியாவின் கிளிஃப் யங்கைப் பற்றி அவசியம் படிக்க வேண்டும். உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயி. 1983-ல், 61 வயதில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் பந்தயத்தில் இளவட்டங்களைத் தாண்டி ஐந்து நாள் பதினைந்து மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் போய்க்கொண்டே இருந்தார் என்பதைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைக் குறைக்க வேண்டாம், அது பந்தய நாள் கணக்கு. அவர் ஓடிய விதத்தைப் பாருங்கள். காலை உயரத் தூக்காமல், தரையை ஒட்டிச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பார். எட்டி எட்டிக் கால் வைத்து முழங்கால் வலி கண்ட எனக்கு, அடியைச் சுருக்கியதும் வலி குறைந்தது.

இனி, நான் தவறாகப் படித்த கதை. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்குப் பகுதியில் ராராமுரி என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். மலையும் பள்ளமுமாக நாள் கணக்கில் ஓடக்கூடியவர்கள். 1993-ல் அமெரிக்காவின் லெட்வில்லில் நடந்த 160 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் அவர்களில் 55 வயதுக்காரர் ஒருவர் ஜெயித்தார். காலில் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பு. நம் ஊர்க் கழனிகளில் எங்கள் தாத்தா போட்டுக்கொண்டு நடந்த அதே டயர் செருப்புதான், வார் கட்டும் விதம் மட்டும் வேறு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு போகிறவள் நான், எனக்கு ஷூ எதற்கு என்று மறுநாளே செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் ஓடினேன். அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்கி வைத்த முதல் அடியில் குதிகாலில் ஆணி இறங்கியது போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து மெதுவாக நடந்து போனபோது, அக்னி லிங்கம் பக்கம் தினமும் பார்க்கிற பெரியவர், "என்னம்மா, காலு என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "அவங்க பொறந்ததுலேர்ந்து அப்படி ஓடறாங்க. நீ நேத்துதானே ஓட ஆரம்பிச்ச" என்றார். நான் படித்த பக்கங்களிலேயே அது இருந்தது, கண்ணில் படவில்லை. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதனால், எதைப் படித்து உற்சாகம் வந்தாலும் புதிய விஷயத்தை முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். ஒரு வாரம் தொந்தரவு இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம்.

சாப்பாட்டுப் பக்கங்களில் இன்னும் கவனம் வேண்டும். பந்தயத்துக்கு முன் மாவுச்சத்தை நிறைய ஏற்றிக்கொள்வார்கள் என்று படித்துவிட்டு, முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி ஏழு இட்லியும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டேன். காலையில் சர்க்கரை ஏறியிருந்தது, வயிறும் கனத்தது. அப்படி ஏற்றுவது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு. உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து அவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். ஐந்து கிலோமீட்டருக்கு நேற்றைய சாப்பாடே தாராளம். ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழும் கலர் பானமும் நமக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும், ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இந்த ஓட்டக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு என்னவென்று பார்த்தால் நமக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது. ராராமுரி மக்கள் மக்காச்சோளத்தை வறுத்து அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார்கள், கூடவே பீன்ஸும் பூசணியும். கென்யாக்காரர்கள் கொதிக்கும் தண்ணீரில் மக்காச்சோள மாவைப் போட்டு மரக்கரண்டியால் கிண்டி உகாலி செய்து, கீரையோடு சாப்பிடுகிறார்கள். அதைப் படித்த வாரத்தில்தான் பரணிலிருந்து அம்மாவின் களித்துடுப்பை இறக்கினேன்.

இரண்டு பேருக்கு இப்படிச் செய்கிறேன். ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவைத்து, அது தளதளவென்று கொதிக்கும்போது ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவேன். கிளறாமல் மூடி, தீயைக் குறைத்து பத்து நிமிடம் விட வேண்டும். மாவு ஆவியிலேயே வெந்து, நிறம் கறுத்து, மேலே வெடிப்பு விடும். அப்புறம் இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டி இல்லாமல் கிண்ட வேண்டும். தோளுக்கும் கைக்கும் அதுவே நல்ல வேலை. ஈரக் கையால் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு உருண்டை. கூடவே முருங்கைக்கீரையும் பருப்பும், கொஞ்சம் மல்லாட்டை (வேர்க்கடலை) துவையலும். கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று இரண்டு மூன்று உருண்டை சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். களியும் மாவுச்சத்துதான், ஏறும். ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் படித்ததால்தான் திருந்தினேன். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றில் 13 பேருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். இப்போது தாகத்துக்கு மட்டும் குடிக்கிறேன். சித்திரை வெயிலில் திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு.

தசைப் பயிற்சிக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. பால் காயும் நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குவேன், நாற்காலியைத் தொட்டு எழுவது பத்து முறை. குதிகால் வலி மறுபடி வரவில்லை.

வாரத்தில் நான்கு நாள் கிரிவலப் பாதையில் ஐந்து கிலோமீட்டர், ஓட்டமும் நடையுமாக. விடியும் முன் போவதால் கூட ஒருத்தர் இருப்பது நல்லது, எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார். பத்து மாதத்தில் சர்க்கரை சராசரி 5.8-க்கு இறங்கியது. பௌர்ணமி அன்று பாதையில் கூட்டம் நெரியும், ஓட முடியாது. அன்று செருப்பைக் கழற்றிவிட்டு, பதினான்கு கிலோமீட்டரும் நடை மட்டும்.