நியூயார்க் கடிகாரம் மாறும் வாரத்தில் சென்னை டீம் செய்ய வேண்டியவை

நியூயார்க்கின் காலை 9:30 ஸ்டாண்ட்-அப் (தினசரிக் குறுங்கூட்டம்), கோடையில் நமக்கு இரவு 7 மணி. குளிர்காலத்தில் 8 மணி. 2007 முதல் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே வைக்கிறார்கள். கிளையன்ட் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இருந்தால் கவலையில்லை, அங்கே மாற்றமே கிடையாது.

முதலில் காலண்டர். தொடர் மீட்டிங்கைச் சென்னை நேர மண்டலத்தில் போட்டிருந்தால் நமக்கு 7 மணி அப்படியே நிற்கும். ஆனால் நவம்பரில் அவர்களுக்கு அது காலை 8:30, யாரும் வரமாட்டார்கள். அழைப்பைத் திறந்து மண்டலத்தை நியூயார்க் என்று மாற்றி, முழுத் தொடருக்கும் சேமியுங்கள். மெயிலில் 'ஈஎஸ்டி' என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். அது குளிர்கால நேரத்தின் பெயர். ஜூலையில் அப்படி எழுதினால் சில மென்பொருள்கள் ஒரு மணி நேரம் தவறாகக் கணக்கிடும். 'நியூயார்க் நேரம்' என்றாலே போதும்.

லண்டனும் சேரும் மீட்டிங் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில்தான் மாறும். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் இரு நகரங்களுக்கும் இடையே வித்தியாசம் 5 மணி நேரம் இல்லை, 4 மணி நேரம்தான்.

உண்மையான வில்லங்கம் இரவு ஜாப்களில்தான், அதாவது குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடும் வேலைகளில்தான் இருக்கிறது. நியூயார்க் நேரத்தில் 2:30-க்கு ஓடும் ஜாப்புக்கு மார்ச் ஞாயிறு அப்படி ஒரு நேரமே வராது. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் மென்பொருளான ஷெட்யூலர்களில் சில இதைச் சமாளிக்கும், எல்லாம் அல்ல. எனவே 1 முதல் 3 மணி வரை எதையும் வைக்காதீர்கள்.

சர்வரை யுடிசிக்கு (கோடை, குளிர் மாற்றமே இல்லாத உலகப் பொது நேரம்) மாற்றினால் இந்தத் தொல்லை போகும், வேறொன்று வரும். யுடிசி 12:00-க்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஓடும் ரிப்போர்ட் ஜாப், குளிர்காலத்தில் நியூயார்க் 8:30-க்கு முடியும். கோடையில் 9:30 ஆகிவிடும். 9 மணிக்கு ரிப்போர்ட்டைத் திறப்பவருக்கு நேற்றைய எண்கள்தான் தெரியும், உடனே புகார் டிக்கெட் வந்து விழும். இப்படிப்பட்ட ஜாப்களை மார்ச்சுக்கு முன்பே ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுங்கள். லாக் (சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) மட்டும் எப்போதும் யுடிசியில் இருக்கட்டும். இல்லையென்றால் நவம்பரில் இரண்டு 1:15-உம் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிரித்துப் படிக்க முடியாது.

நியூயார்க் டீமிடம் வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் கோடையில் மாலை 6:30-க்கு முடிகிறதென்றால், நவம்பரில் எதிர் டீம் 7:30-க்குத்தான் உட்காரும். நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரம் அலர்ட் யாருக்குப் போகும் என்று பெயர் போட்டு ரோஸ்டரில் எழுதுங்கள். வீட்டுக்குப் போகும் ஆபீஸ் கேப் வண்டியின் நேரத்தையும் வெள்ளிக்கிழமையே மாற்றச் சொல்லிவிடுங்கள். திங்கள் மதியம் போய்க் கேட்டால் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் கையை விரிக்கும்.

மாற்றம் நடக்கும் கணம் நமக்கு ஞாயிறு பகல்: மார்ச்சில் 12:30, நவம்பரில் 11:30. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் லாகின் செய்து, அன்றைய ஜாப்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை ஓடியிருக்கிறதா என்று பார்த்தால், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.