தெளிப்பு விமானத்தில் இன்ஜின் நின்றால் செய்யக் கூடாதவை

அமெரிக்காவின் மிசிசிப்பி சமவெளியில் நெல்லுக்கும் பருத்திக்கும் மருந்து தெளிக்கும் விமானம், பயிருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அங்கே இன்ஜின் நின்றால் கையில் இருப்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளில் எதை இழக்கலாம் என்று கிளம்பும்போதே முடிவு செய்யாததுதான் முதல் தவறு.

விமானிகள் மருந்துச் சுமையைக் கொட்டத் தயங்குகிறார்கள். ஏர் டிராக்டர் 802 விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். நிரம்பினால் ஏறக்குறைய மூன்று டன். அதைத் திறந்துவிடும் கைப்பிடி விமானியின் இடக்கைப் பக்கமே இருக்கிறது. மருந்தின் விலையும், பக்கத்து வயல் கருகிவிடுமே என்ற பயமும் அந்தக் கையைத் தடுத்துவிடுகின்றன. கொட்டிவிடுங்கள், நஷ்டஈட்டைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பாரம் இறங்கும்போது விமானத்தின் மூக்கு மேலே தூக்கும், அதை உடனே அடக்க வேண்டும்.

மீதமிருக்கும் வேகத்தில் மேலேறி மின்கம்பியையும் மரத்தையும் தாண்டுவது சரியே. வேகம் குறையக் குறைய மூக்கைத் தாழ்த்தாமல் விடுவதும், ஓடுதளத்தை நோக்கித் திரும்புவதும்தான் உயிரை வாங்குகின்றன. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால், விமானம் விழாதிருக்கத் தேவையான வேகம் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. இன்ஜின் இல்லாமல் அந்த வேகத்துக்கு எங்கே போவது? எதிரே, காற்றை எதிர்த்து இருக்கும் வயலே போதும்.

கரும்பிலோ மக்காச்சோளத்திலோ இறங்கும்போது மண்ணைக் குறிவைக்காதீர்கள். பயிரின் தலையையே தரையாக எண்ணி, அங்கேயே வேகத்தைக் குறைத்து, சால் ஓடும் திசையிலேயே இறக்குங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையில் சீராக நிற்க மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160 கிலோமீட்டர் என்றால் பதினொரு மீட்டருக்கு மேல் வேண்டும்.

விமானத்தைச் சேதமில்லாமல் இறக்கப் பார்ப்பதும் வீண் ஆசைதான். 1950-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் ஃபிரெட் வைக் உருவாக்கிய ஏஜி-1 என்ற தெளிப்பு விமானத்தில் தொட்டி முன்னே, விமானி பின்னே உயரத்தில். மோதினால் முன்பகுதி முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். சக்கரமும் இறக்கையும் போகட்டும்.

இன்ஜின் நிற்பதற்கான காரணங்களில் பல தரையிலேயே தவிர்க்கக்கூடியவை: கூடுதல் மருந்து ஏற்றுவதற்காக எரிபொருளைக் குறைப்பது, காலையில் எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடிக்காமல் கிளம்புவது. வெயிலில் புழுங்குகிறது என்று தோளைப் பிடிக்கும் இருக்கை வாரைத் தளர்த்திவிடுவதும் உண்டு. நொடிகள் மட்டுமே மிஞ்சும்போது அதை இறுக்க ஒரு கை காலியாக இருக்காது.