கோளா, கரும்புள்ளியா? நட்சத்திரத்தின் வேகத் தரவைச் சோதிப்பது எப்படி

மே மாதம் மழை பிடித்துவிட்டால் ஹட்டன், நுவரெலியா பக்கம் நட்சத்திரம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் வெளிக்கோள் (வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்) தேட நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சிலியின் லா சில்லா வானாய்வகத்தில் 2003 முதல், நட்சத்திரங்களின் வேகத்தை அளக்கும் நிறமாலைமானியான ஹார்ப்ஸ் கருவி அளந்த தரவுகள் ஏராளமாகப் பொதுவில் கிடக்கின்றன. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்திருந்து, கூகுள் கொலாப் (உலாவியிலேயே பைதன் எழுதி ஓட்டும் தளம்) திறக்கிற அளவுக்கு சிக்னலும் இருந்தால் போதும். சிக்கல் எங்கே என்றால், நட்சத்திரமே சில நேரம் கோள் இருப்பதுபோல நடிக்கும்.

படி 1: நடிப்பு எப்படி நடக்கிறது

கோள் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும், டொப்ளர் விளைவால் அதன் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகரும். வியாழன் சூரியனை ஆட்டுவது செக்கனுக்குச் சுமார் 12.5 மீற்றர். பூமி ஆட்டுவது வெறும் 9 சென்ரிமீற்றர்.

இப்போது கரும்புள்ளிக்கு, அதாவது நட்சத்திரத்தின் மேற்பரப்பில் குளிர்ந்து மங்கலாகத் தெரியும் பகுதிக்கு வருவோம். சுழலும் நட்சத்திரத்தில் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மற்றது விலகிப் போகிறது. வருகிற பக்கத்தில் புள்ளி இருந்தால் அந்தப் பக்கத்து ஒளி குறைந்து, விலகும் பக்கத்தின் கை ஓங்கி, கோடு கோணிக்கொள்ளும். அளக்கிற மென்பொருளுக்கோ நட்சத்திரம் முழுவதுமே விலகிப் போவதுபோலத் தெரியும். புள்ளி நடுவுக்கு வந்தால் விளைவு பூச்சியம், அந்தப் பக்கம் போனால் திசை மாறிவிடும். ஒவ்வொரு சுழற்சிக்கும் இதே கூத்துதான்.

படி 2: தரவை எடுங்கள்

பழகுவதற்கு கிளீஸ் 581 நல்ல நட்சத்திரம். சுமார் 20 ஒளியாண்டு தூரத்தில் உள்ள செங்குள்ளன், அதாவது சிறிய, வெப்பம் குறைந்த சிவப்பு நட்சத்திரம். நேரம், வேகம், பிழை ஆகிய மூன்று நிரல்களோடு நிறுத்திவிடாதீர்கள், கோட்டின் அகலம், கோணல் அளவு, ஐதரசன் ஆல்பா, கல்சியக் கோடுகள் என்று எது கிடைத்தாலும் சேர்த்து இறக்குங்கள். ஒன்று கவனம்: 2015இல் ஹார்ப்ஸின் ஒளியிழையை மாற்றினார்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேகங்களுக்கு இடையில் ஒரு தாவல் இருக்கும். வேறொரு நட்சத்திரத்தில் இரண்டும் கலந்து வந்தால் இரண்டு கருவிகளின் தரவாகவே நினைத்துக் கையாளுங்கள்.

படி 3: காலமுறையைத் தேடுங்கள்

பைதனில் அஸ்ட்ரோபை தொகுப்பில் லோம்ப்-ஸ்கார்கிள் இருக்கிறது, ஒழுங்கற்ற இடைவெளியில் அளந்த தரவிலும் திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேடும் முறை அது. ஓடவிட்டால் 5.37 நாளில் பெரிய உச்சி எழும்பும், அது கோள் பி. அதைப் பொருத்திக் கழித்துவிட்டு எச்சத்தில் திரும்ப ஓடவிடுங்கள். 12.9 நாள், அப்புறம் 3.15 நாள். கடைசியாக 66 நாள் பக்கம் இன்னொன்று வரும். சந்தோஷப்படாதீர்கள்.

படி 4: நட்சத்திரத்தையே விசாரியுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. வேகத்துக்குச் செய்த அதே தேடலை ஐதரசன் ஆல்பா நிரலுக்கும் (656.3 நானோமீற்றர்) செய்யுங்கள். கிளீஸ் 581 சுழல ஏறக்குறைய 130 நாள் எடுக்கிறது. 66 அதில் பாதி! புள்ளி பாதிச் சுழற்சிதான் நம் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதன் வேக வளைவு சுத்தமான சைன் வளைவாக இருக்காது, சுழற்சிக் காலத்தின் பாதியிலும் மூன்றிலொன்றிலும் உச்சிகள் கிளம்பும். கோள் டி என்று 2007 முதல் பேசப்பட்டது உண்மையில் நட்சத்திரத்தின் செயற்பாடுதான் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது இந்த வழியில்தான்.

வேகத்தையும், ஐதரசன் ஆல்பா போன்ற செயற்பாட்டுச் சுட்டியையும் ஒரே வரைபில் போட்டு நேர்கோடு விழவில்லை, ஆகவே கோள்தான் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது சரிவராது. புள்ளி நடுவில் இருக்கும்போது மங்கல் உச்சம், வேகம் பூச்சியம். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்காததால் தொடர்பு பலவீனமாகத் தெரியலாம்.

படி 5: இடைவெளிகளைச் சந்தேகியுங்கள்

பகலிலும் மழையிலும் தொலைநோக்கி மூடியிருக்கும், அந்த ஓட்டைகளே பொய் உச்சிகளைத் தரும். எல்லா வேகத்தையும் 1 என்று போட்டு, சராசரி கழிக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, அதே தேடலை ஓட்டுங்கள். வருகிற உச்சிகள் முழுக்க அளந்த நேரங்களின் வேலை. அல்பா சென்டோரி பி-யைச் சுற்றுவதாக 2012இல் அறிவிக்கப்பட்ட 3.24 நாள் கோள் இப்படித்தான் கரைந்தது.

படி 6: நிறம் மாற்றிப் பாருங்கள்

கோள் எல்லா நிறத்திலும் ஒரே அளவுதான் ஆட்டும். புள்ளியின் விளைவு பொதுவாக நீலத்தில் கூடுதல், அகச்சிவப்பில் குறைவு. அதேபோல் தரவை ஆண்டுவாரியாகப் பிரித்தால் கோளின் வீச்சும் கட்டமும் (அலை ஏறி இறங்கும் நேர ஒழுங்கு) அப்படியே நிற்கும், புள்ளிகள் பிறந்து அழிவதால் அவற்றின் சமிக்ஞை தடுமாறும்.

படி 7: கழிப்பதில் நிதானம்

இப்போது பலரும் கௌசியன் புரோசஸ் என்ற புள்ளிவிபர முறையைப் பயன்படுத்துகிறார்கள். சுழற்சிக் காலத்தையும் புள்ளிகளின் ஆயுளையும் கொடுத்தால் அது நட்சத்திரத்தின் பங்கைத் தானாக வளைந்து பொருத்தும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்களே, கை கூடிப்போனால் பறித்த கொழுந்தே காணாமல் போகும். இதுவும் விட்ட இடத்தில் கோளையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே முதலில் நட்சத்திரத்தைக் கழித்துவிட்டுக் கோளைத் தேடாதீர்கள். இரண்டையும் ஒரே மாதிரியில் ஒரே நேரத்தில் பொருத்துங்கள், சுழற்சிக் காலத்துக்குப் படி 4இல் கிடைத்த எல்லையைப் போடுங்கள்.

முடித்தவர்கள் அடுத்து பர்னாட் நட்சத்திரத்தை எடுங்கள். 2018இல் அங்கே 233 நாள் கோள் என்றார்கள், 2021இல் அது மறுக்கப்பட்டது. அதன் சுழற்சி சுமார் 145 நாள். படி 5இல் சொன்ன இடைவெளிகள் ஆண்டுக்கொரு முறையும் வரும், அதனால் 1/145இலிருந்து 1/365ஐக் கழித்து, விடையைத் தலைகீழாக்கி, அது 233க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.