வைஃபை டவர் ஃபுல்லா காட்டுது, வீடியோ மட்டும் சுத்துதுங்களா?

கோபி பக்கம் எங்க மாமா தோட்டத்துச் சாளைக்குப் போன மாசம் ஃபைபர் லைன் இழுத்தாங்க. வந்தவரு ரௌட்டரை அட்டாலில அண்டாவுக்குப் பின்னாடி வெச்சுட்டுப் போயிட்டாரு, ஆசாரத்துல நல்லா ஓடுது, வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளில அத்தை ஃபோனை எடுத்தா சுத்திக்கிட்டே இருக்குது. "எச்சா காசு கட்டிப் பெரிய பிளான் போட்டர்லாமா மாப்ள"ன்னு மாமா கேட்டாரு. வேண்டாங்க மாமா, சித்த இருங்கன்னு சொல்லி ஒண்ணொண்ணா பாத்தோம், அதே வரிசையில எழுதறேன், நீங்களும் ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல, இன்டர்நெட் வேற வைஃபை வேற. வீதில இருந்து ரௌட்டர் பொட்டி வரைக்கும் வர்றது லைன், பொட்டில இருந்து ஃபோனுக்குக் காத்துல வர்றதுதான் வைஃபை. டவர் ஃபுல்லா காட்டுனா இந்தக் காத்துல வர்ற பக்கம் சரியா இருக்குது, அவ்வளவுதான். கெணத்துல தண்ணி இல்லீன்னா பைப்பைக் கொறை சொல்லி என்ன பண்றது. பொட்டில எல்ஓஎஸ்ங்கற லைட் செவப்பா எரிஞ்சா ஃபைபர்ல வெளிச்சம் வரலீன்னு அர்த்தம், லைன்காரருக்கு ஃபோன் போடோணும்.

ரெண்டாவது, வைஃபை லிஸ்ட்டைத் தெறங்க. அங்க தெரியற பேருதான் எஸ்எஸ்ஐடி. உங்க வைஃபை பேரே பெரும்பாலும் ரெண்டு தடவ இருக்கும், ஒண்ணுக்குக் கடைசில 5ஜின்னு போட்டிருக்கும், அதுக்கும் சிம் கார்டு 5ஜிக்கும் சம்பந்தமே இல்லீங்க, நெறையப் பேரு இங்கதான் கொழம்பறாங்க. அது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இன்னொண்ணு 2.4. 5ல வேகம் எச்சு, செவுத்தைத் தாண்டுனா சோந்து போயிரும். 2.4 வேகம் கம்மி, ஆனா ரெண்டு செவுரு தாண்டியும் வரும், மைக்ரோவேவ் ஓவனும் புளூடூத்தும் அதுலயேதான் ஓடறதால கொஞ்சம் நெருக்கடி. ஒரே ரூம்லன்னா 5, பொடக்காளிக்கு 2.4.

மூணாவது அளந்து பாக்கறது, இதை மட்டும் உட்டராதீங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்ல வைஃபை அனலைசர்னு தேடுனா ஆப் கெடைக்கும், சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு டிபிஎம்ங்கற அளவுல மைனஸ்ல நம்பர் காட்டும். -50 அருமை, -67 வரைக்கும் வீடியோ ஓடும், -80ஐத் தொட்டா சுத்தும். அத்தை நின்ன எடத்துல -82. ரௌட்டரை அட்டாலில இருந்து எறக்கி, பொடக்காளிக் கதவு நேராத் தெரியற மாதிரி ஆசாரத்துச் செவுத்துல ஆளு ஒசரத்துக்கு மாட்டுனோம், -62 ஆச்சு. 20 தானன்னு நெனைக்காதீங்க, 10 ஏறுனா 10 மடங்கு, 20 ஏறுனா 100 மடங்கு பலம். ஒத்த ரூவா செலவில்லீங்க. அண்டா, பீரோ, தண்ணித்தொட்டி, தடிச்ச மண்ணுச்செவுரு இதுகதான் சிக்னலைத் தின்னும்.

சேனல்ங்கறது அந்த அலைவரிசைக்குள்ள இருக்கற தனித்தனிப் பாதை, பக்கத்து வீட்டு வைஃபை இல்லாத தோட்டத்துல அதை மாத்தற வேலை தேவைப்படாது. திருப்பூர்ல லைன் வீட்டுல இருக்கறவங்க 2.4ல 1, 6, 11 இதுல கூட்டம் கம்மியா இருக்கறதைப் போடுங்க, இந்த மூணுந்தான் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

ரௌட்டர் செட்டிங்ல செக்யூரிட்டிங்கற எடத்துல, வைஃபைக்குப் பூட்டு மாதிரி, 2018ல வந்த டபிள்யூபிஏ3 போடுங்க, பழைய ஃபோன் சேரலீன்னா டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி 1997 காலத்துது, சுளுவா ஒடைச்சர்லாம், தயவுசெஞ்சு வேண்டாம். பாஸ்வேர்டு 8 எழுத்தாவது இருக்கோணும், ஃபோன் நம்பரை வெக்காதீங்க.

மாடு கட்டற தொண்டுப்பட்டி வரைக்கும் வேணும்னா, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பற ரிப்பீட்டரை சிக்னல் செத்த எடத்துல வெக்காம பாதி வழியில வெக்கோணும். அதைவிட லேன் வயர் இழுத்து அங்கயே ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வயர்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்கற பொட்டி, போடறது நல்லதுங்க, வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.